எண்ணும் விரைவும்: கணினி ஆட்டத்தில் அட்ச இருதயம்

வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடையே கிடந்து வடகடலோடு கலக்கும் தொண்டைமானாறு பெயரளவில் ஆறேயன்றி இயல்பால் ஆறன்று. மலையிற் பிறந்து சமவெளியில் நடந்து கடல்புகும் நதியின் இலக்கணம் எதுவும் அதற்கில்லை. அது ஒரு கடனீரேரி. கருணாகரத் தொண்டைமான் உப்பு வாணிகத்தின் பொருட்டு அந்நீர்வழியை வெட்டித் திருத்தினான் என்பது யாழ்ப்பாணத்து மரபுவழிச் செய்தி. அச்செய்தியை ஏற்பின், இயற்கையின் பெயரைத் தாங்கி நிற்பது மனிதன் வகுத்த வழி என்பது போதரும். இன்று அதன் முகத்தில் உவர்நீர் புகாது தடுக்கும் கதவணையும் உண்டு.

கணினி ஆட்டங்களில் ‘எழுமாற்று எண்’ என வழங்குவதும் இத்தகையதொரு பெயரே. தற்செயலாய் வந்தது போலக் காட்சியளிக்கும் அவ்வெண், உண்மையில் ஆட்டத்தை இயற்றியோர் முன்னரே வெட்டிவைத்த வாய்க்காலில் ஓடுவது. அவ்வாய்க்காலின் போக்கை அறிந்து, வேண்டிய எண் வருங்கணம் பார்த்துப் பொத்தானை அழுத்தி, நெடுங்கதை ஆட்டமொன்றை மிகக் குறுகிய நேரத்தில் முடிக்கும் பழக்கம் அண்மைக் காலத்தில் உலகெங்கும் வளர்ந்துள்ளது. இதனை வித்தை என்பதா, சூது என்பதா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அறிவினால் தற்செயலை வெல்லும் ஒருவன் ஆட்டத்தை ஆடுகின்றானா, அழிக்கின்றானா என்பதே அவ்வினாவின் உட்கிடை.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பு நோக்கற்பாலது. பாத்திரமேற்று ஆடும் ஆட்டம், அஃதாவது ரோல் பிளேயிங் கேம் எனப்படுவது, ஆடுவோனை ஒரு கதைத் தலைவனாக்கி, எளிய நிலையிலிருந்து படிப்படியாக ஆற்றல்பெற்று இறுதிப் பகைவனை வெல்லுமாறு செய்வது. யப்பானில் 1986ஆம் ஆண்டு வெளிவந்த டிராகன் குவெஸ்ட், 1987ஆம் ஆண்டின் பைனல் பேண்டசி, 1996ஆம் ஆண்டு தொடங்கிய போக்கிமான் வரிசை ஆகியன இவ்வகையிற் புகழ்பெற்றவை. இவற்றில் வாள் வீச்சு பட்டதா தவறியதா, வழியில் விலங்கு எதிர்ப்பட்டதா இல்லையா, எதிர்ப்பட்டது வலியதா மெலியதா என்பனவெல்லாம் மறைவில் உருளும் தாயக்கட்டையால் தீர்மானிக்கப்படும். விரைவோட்டம் என்பது அத்தகைய ஆட்டமொன்றைத் தொடக்கமுதல் முடிவுவரை இயன்றவரை குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பது. ஆடுவோர் இதனை ஸ்பீட்ரன் என்பர். முப்பது நாற்பது மணித்தியாலம் ஆடுதற்கென ஆக்கப்பட்ட கதை அவர்கள் கையிற் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. ஓட்டக்காரன் வழியனைத்தையும் மனனஞ் செய்திருந்தாலும், மறைந்துருளும் கட்டை ஒருமுறை மாறி விழுமாயின் அவன் முயற்சி பாழாகும். பாழானால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவான், மீண்டும் பாழாகும். இவ்வாறு நூற்றுக்கணக்கான முயற்சிகளைக் கைவிட்டு, நல்லூழ் வாய்த்த ஒன்றையே பதிவேட்டிற் சேர்ப்பான். அப்பதிவு அவன் திறமையை எவ்வளவு காட்டுகின்றதோ அவ்வளவு அவனது ஓய்வு நேரத்தையும் காட்டுகின்றது. நாள்முழுதும் அமர்ந்திருக்க வசதியுடையவன் வெல்வான்; மாலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் உடையவன் திறமையிருந்தும் தோற்பான். ஊழை வெல்ல முயன்றோர் மீது குறை கூறுமுன், ஊழ் ஆண்ட காலத்தில் யார் வென்றார் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி அம்மறைவுக் கட்டை உருளும் முறையைக் காண்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அது கட்டையே அன்று, எளிய கணக்கு. அமெரிக்கக் கணித அறிஞர் டி. எச். லேமர் 1949இல் எடுத்துரைத்த பெருக்கல் முறையின் வழிவந்தது. அதன் இயல்பை உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை எடுத்து, 5ஆற் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க; அம்மீதியை மீண்டும் அவ்வாறே செய்க. சுழியத்தில் தொடங்கின் 3, 2, 13, 4, 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9 எனச் சென்று மீண்டும் 0 வரும். பதினாறு எண்களும் ஒவ்வொருமுறை தோன்றின. ஒன்றேனும் இருமுறை தோன்றவில்லை. வரிசையை அறியாதான் கண்ணுக்கு இது குலுக்கிப் போட்டது போலவே தோன்றும். அறிந்தானுக்கோ 13ஐக் கண்டவுடன் அடுத்தது 4 என்பது வெளிப்படை. கூர்ந்து நோக்குவார்க்கு மற்றுமொரு குறையும் புலப்படும்: ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்றே இவ்வரிசை செல்கின்றது. இக்குறை கருதியே ஆட்டமியற்றுவோர் பெரிய எண்ணின் மேற்பாதியை மட்டும் எடுத்தாளுவர்.

நின்டெண்டோ நிறுவனத்தின் கேம்போய் அட்வான்ஸ் கருவிக்கென 2004இல் வெளிவந்த போக்கிமான் எமரல்ட் ஆட்டம் இக்கணக்கையே பேரளவிற் செய்கின்றது. அங்கே பெருக்கும் எண் 1103515245; கூட்டும் எண் 24691; வகுக்கும் எண் 2இன் 32ஆம் அடுக்கு, அஃதாவது 4294967296. திரையிற் படம் ஒருமுறை மாறுவதற்கு ஒரு பிரேம் என்று பெயர்; ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 பிரேம். ஊர்களிலும் வெளிகளிலும் உலாவும்போது பிரேமுக்கு ஒருமுறை இக்கணக்கு நடைபெறும். வரிசை முழுவதும் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 832 நாள் செல்லும். இவ்வளவு நீண்ட வரிசையில் எங்கே நிற்கின்றோம் என்பதை ஒருவன் எவ்வாறு அறிவான்? இவ்விடத்திலேதான் அவ்வாட்டத்தின் புகழ்பெற்ற பிழை உதவுகின்றது. முன்னர் வந்த ரூபி, சபையர் ஆட்டங்கள் உள்ளிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து விதை எண்ணைத் தெரிவன. எமரல்டில் அவ்வேற்பாடு இல்லை. கருவியை எப்போது முடுக்கினாலும் வரிசை சுழியத்திலிருந்தே தொடங்கும். ஆகவே முடுக்கிய கணத்திலிருந்து எத்தனையாவது பிரேமில் பொத்தானை அழுத்தினால் எத்தகைய துணைப்பிராணி கிடைக்கும் என்பதை அட்டவணையாகவே எழுதிவைத்துவிடலாம். சாதாரணமாக 8192இல் ஒன்றே வாய்க்கும் அரிய நிறத்துப் பிராணியையும் குறித்த பிரேமில் அழுத்திப் பெறலாம்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது முற்றும் புதியதன்று. முகூர்த்தம் பார்த்தல் என்பதன் அமைப்பும் இதுவே. கோள்களின் நடையை எவரும் மாற்றுவதில்லை; அந்நடையில் நற்கணம் எதுவெனக் கணித்து, அக்கணத்தில் தாலி கட்டப்படுகின்றது. ஆட்டத்தில் எழுமாற்று எண்ணை வசப்படுத்துவோனும் எண்ணை மாற்றுவதில்லை, கணத்தைத் தெரிகின்றான். வாக்கிய பஞ்சாங்க முறை இவ்வொப்புமையை இன்னும் நெருங்கச் செய்யும். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் சந்திரனது நிலையை நாள்வாரியாகச் சொல்லும் மனன அட்டவணை. பைனல் பேண்டசியின் முதல் ஆட்டத்திலும் வழியிற் பகைவர் எதிர்ப்படுதலை 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை தீர்மானிக்கின்றது. ஒன்றை ஆக்கியோர் வானத்தை நோக்கினர். மற்றதை ஆக்கியோர் எந்திரத்தின் சிறிய நினைவகத்தை நோக்கினர். பயன்படுத்துவோனிடம் எஞ்சுவது இரண்டிலும் மனனமும் எண்ணுதலுமே.

“அட்டவணையைப் பார்த்து அழுத்துவோனுக்கு அறிவு எங்கே?” என வினவுவாரும் உளர். இவ்வினாவும் பழையதே. 1825இல் ஜோன் வாரன் என்னும் ஆங்கிலப் படையலுவலர் தாம் வெளியிட்ட காலசங்கலித நூலில், புதுச்சேரியிற் கண்ட தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அக்கணிதர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த அட்டவணைகளின் துணையால் அவ்வாண்டுச் சந்திர கிரகணமொன்றைக் கணித்தார்; தொடக்க நேரத்திற் சில நிமிடமே பிழைத்தது. அவர் கோட்பாட்டை அறிந்திலர் என்பது வாரன் கண்ட குறை. ஒட்டோ நொய்கெபாவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதியபோது அச்சோழிக் கணக்கைத் தம் ஆராய்ச்சியின் மூலமாக எடுத்துக்கொண்டு, அதன்வழித் தொன்மையான கணித மரபொன்றை வெளிக்கொணர்ந்தார். கோட்பாடறியாத கை கோட்பாட்டைச் சிதையாது காத்துக் கொடுத்தது. விரைவோட்டக்காரரிடையும் இவ்விரு வகையினரும் உளர்: ஆட்டத்தின் கட்டளைகளை அவிழ்த்து வாய்பாட்டைக் கண்டறிவோர் சிலர், அவர் எழுதிவைத்ததைக் கையாற் செய்து காட்டுவோர் பலர். பின்னவரை இகழ்தல் நியாயமன்று. ஒரு பிரேம் என்பது விநாடியின் அறுபதில் ஒரு பங்கு. தாளக்கருவியின் ஒலிக்கு ஏற்ப விரலை அக்கணத்தில் இறக்குதல் மிருதங்கக்காரனுக்கும் எளிதன்று. பிழைத்தால் கிடைத்த பிராணியின் வலிமை எண்களைப் பார்த்து, எத்தனை பிரேம் முந்தினோம் அல்லது பிந்தினோம் என்று பின்னோக்கிக் கணித்து, மறுமுறை திருத்துவர். பிழையிலிருந்து காரணத்துக்குச் செல்லும் இவ்வழி ஆய்வுகூடத்து வழியேயாம்.

விரைவும் எண்ணும் ஒருங்கு சேர்ந்த கதையொன்று தமிழ் மாணாக்கர்க்குப் பன்னெடுங்காலமாகப் பாடமாயிருந்து வந்தது. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில், கலிநீங்கு காண்டத்தில், வாகுகன் வடிவில் மறைந்திருந்த நளன் அயோத்தி மன்னன் இருதுபன்னனைத் தேரேற்றி வீமன் நகர் நோக்கி விரைகின்றான். மேலாடை வீழ்ந்ததென்று மன்னன் கூறி முடிக்குமுன் தேர் 24 காதம் கடந்துவிடுகின்றது. அவ்விரைவுக்கு நிகராக மன்னன் காட்டுவது எண்ணின் ஆற்றல். வழியில் நின்ற தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த அளவில் தொகை கூறுகின்றான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கின்றான், தொகை சரியாயிருக்கின்றது. பின்னர் இருவரும் வித்தை மாற்றிக்கொள்கின்றனர், கலி நீங்குகின்றான். வியாச பாரதத்தின் வனபருவத்தில் இப்பகுதி இன்னும் விரிவானது. அங்கே மன்னன் இரு கிளைகளில் 5 கோடி இலையும் 2095 காயும் உள என்கின்றான். நளன் கொடுத்தது அசுவ இருதயம். பெற்றது அட்ச இருதயம், அஃதாவது சூதுக்காயின் உள்ளம்.

மரத்தின் காயை எண்ணுதற்கும் சூதாடி வெல்லுதற்கும் என்ன தொடர்பு? புகழேந்தியார் இதற்கு விடை கூறாது விரைந்து செல்கின்றார். தேரின் விரைவு செய்யுளையும் பற்றிக்கொண்டது போலும். விடையைத் தந்தவர் செருமானிய அறிஞர் ஐன்றிச் லூடர்ஸ். பண்டை இந்தியச் சூது பற்றி 1907இல் அவர் எழுதிய ஆய்வின்படி, அக்காலத்துச் சூதுக்காய் ஆறு முகமுடைய கட்டையன்று, தான்றிக்காயே. குவியலிலிருந்து அள்ளிய காய்களை நான்கு நான்காய்க் கழிக்க, மீதியின்றி முடியின் கிருதம், மூன்று எஞ்சின் திரேதை, இரண்டு எஞ்சின் துவாபரம், ஒன்று எஞ்சின் கலி. கலியே தோல்வி. குவியலைக் கண்ட மாத்திரத்தில் எண்ணவல்லவன், எத்தனை அள்ளினால் மீதி எஞ்சாது என்பதை அறிவான். ஆகவே இருதுபன்னன் காட்டியது வேடிக்கையன்று; அது சூதின் உயிர்நாடி. (அவன் சொன்ன 2095ஐ நான்கால் வகுக்க மீதி மூன்று, அது திரேதை.) தான்றிக் குவியலின் நான்கும் எமரல்ட் ஆட்டத்தின் 4294967296உம் அளவால் வேறே அன்றி வகையால் வேறல்ல. இரண்டிலும் ஊழெனத் தோன்றுவது வகுத்தலின் மீதி. மீதியை முன்னறிபவனிடம் கலிக்கு இடமில்லை.

இவ்வளவில் வித்தையின் பெருமை கூறியாயிற்று. குற்றச்சாட்டை இனி நேர்நின்று நோக்குதல் வேண்டும். எண்ணை முன்னறிதல் எல்லா இடத்தும் ஏற்கத்தக்கதா? அன்று. காணிப் பங்கீட்டிலோ கோயிற் காரியத்திலோ திருவுளச்சீட்டு எடுக்கும்போது, எந்தச் சீட்டில் எது உள்ளதென ஒருவன் அறிந்து எடுப்பானாயின் அது பெருங் குற்றம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் திருமுன்னர் அவ்வாறு செய்யத் துணிவார் எவரும் இரார். அங்கே அறியாமையே ஒப்பந்தம். ஒருவரும் அறியார் என்பதாலேயே எல்லாரும் இசைந்தனர். 2014இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரச் சூதாட்ட மனையில், உருசியரைக் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் காசுப்பொறியின் எழுமாற்று எண் வரிசையைக் கைத்தொலைபேசியின் துணையாற் கணித்து, குறித்த கணத்தில் பொத்தானை அழுத்திப் பணம் பெற்றார். விரல் செய்த செயல் விரைவோட்டக்காரன் செயலே; கணக்கும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் அங்கே எதிரிலிருந்தார் பொருள் அவர் அறியாது பறிக்கப்பட்டது. விரைவோட்டத்தில் எதிரிலிருப்பது உயிரற்ற ஆட்டம். உடன் ஓடுவோர் அனைவரும் அதே அட்டவணையை உடையவர். ஆதலின் அங்கே ஏமாற்றப்படுவார் ஒருவருமில்லை.

ஓட்டக்காரர் தம்முள்ளும் இவ்வெல்லையைக் கண்டிப்பாகவே காக்கின்றனர் என்பதற்கு 2020ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. மைன்கிராப்ட் என்னும் ஆட்டம் பாத்திரமேற்று ஆடும் வகையினதன்று. ஆயினும் அந்நிகழ்ச்சி இவ்வாராய்ச்சிக்கு உரியதே. புகழ்பெற்ற ஓட்டக்காரர் ஒருவர் 262 பண்டமாற்றில் 42 முறை வேண்டிய முத்தைப் பெற்றார். எதிர்பார்க்கத்தக்கது 12 அளவே. 305 பகைவரை வீழ்த்தி 211 கோல் பெற்றார், எதிர்பார்க்கத்தக்கது பாதியளவே. நடுவர்கள் நிகழ்தகவுக் கணக்கினால் இதனை ஆராய்ந்து அவ்வாண்டு டிசெம்பரில் அப்பதிவை நீக்கினர். ஆட்டத்தின் விகிதத்தை மாற்றும் நிரல் தம் கணினியில் இருந்ததை அவர் 2021இல் ஒப்புக்கொண்டார். வாய்க்காலின் போக்கை அறிந்து தோணி விடுதல் ஒன்று. இரவோடிரவாகக் கதவணையைத் திறந்துவிடுதல் மற்றொன்று. முன்னது எல்லார்க்கும் திறந்த வித்தை. பின்னது சகுனியின் வழி.

எனினும் இவ்வித்தையாற் கேடொன்றும் இல்லையெனல் மிகைக்கூற்றாகும். கதையாட்டத்தின் உயிர் அச்சமும் நம்பிக்கையும். வலிய பகைவன் முன் ஒருயிர் மட்டும் எஞ்சி நிற்கும்போது அடுத்த வீச்சு படுமோ படாதோ என்னும் துடிப்பு, எண்ணறிந்தோனுக்கு இல்லை. கதை மாந்தர் பேசும் பேச்சுகள் ஒரு சொல்லும் படிக்கப்படாமல் திரையில் ஓடி மறைகின்றன. ஊரார் துயரமும் தோழன் மரணமும் அவனுக்குக் கடக்கவேண்டிய பிரேம்கள். பொழிப்புரையும் படியாது வினாத்தாளுக்கு வேண்டிய அடிகளை மட்டும் மனனஞ் செய்து சித்திபெறும் மாணவனை இது நினைவூட்டும். பிறிதொரு குறையும் உண்டு: பார்ப்போனுக்கு இத்தகைய ஓட்டங்கள் சில வேளை அலுப்பூட்டும். எல்லாம் எண்ணியபடி நடக்கும் கதையில் திருப்பம் ஏது? அட்டவணை பிழைத்து, ஓட்டக்காரன் கைத்திறனால் மீளும் சில நிமிடங்களே அவ்வோட்டங்களிற் சுவைமிக்கவை என்பது நடுநிலையாளர் பலர்க்கும் உடன்பாடாகும்.

ஆயின் இக்குறைகள் முதன்முறை ஆடுவோனைப் பற்றியனவல்ல என்பது கருதத்தக்கது. எமரல்டின் வாய்பாட்டைத் தேடிச் சென்றோர் அக்கதையைப் பலமுறை ஆடி அதன் ஒவ்வொரு மூலையையும் அறிந்தோர். நூலைப் பலகாற் பயின்றவனே அதன் யாப்பை ஆராய்கின்றான். யாப்பை ஆராயும்போது அவன் கண்ணீர் விடுவதில்லை என்பதனால் அவன் நூலை வெறுத்தான் எனல் பொருந்தாது. அன்றியும் கண்டறிந்த வாய்பாட்டை இவ்வோட்டக்காரர் மறைத்து வைப்பதில்லை. பிரேம் எண், அழுத்தவேண்டிய இடம், பிழைத்தால் திருத்தும் வழி அனைத்தையும் எழுதி யார்க்கும் வழங்குகின்றனர். இரண்டு மணித்தியாலமே உடைய மாணவனும் இன்று போட்டியிற் புக இயல்வது இக்கொடையால். இருதுபன்னனும் நளனும் மாற்றிக்கொண்டது போல இங்கும் வித்தை கைம்மாறுகின்றது. ஒருவர் பெற்றதனால் மற்றவர் இழப்பதில்லை.

பாரதத்தில் அட்ச இருதயம் நளனோடு நின்றுவிடவில்லை. நளன் கதையை யுதிட்டிரனுக்குச் சொன்ன பிருகதசுவ முனிவர் கதை முடிவில் அவ்வித்தையை அவனுக்கும் கற்பித்தார். நாடும் தம்பியரும் மனைவியும் பணயமாய்ப் போனபின் கற்ற கல்வி அது. கற்றதை அவன் எங்கே பயன்படுத்தினான் என்பதை விராட பருவம் கூறுகின்றது. கங்கன் என்னும் பெயரோடு விராடன் அவையில் அமர்ந்து, அங்குள்ளோரை நூலிற் கட்டிய பறவைகளைப் போலத் தன் விருப்பப்படி ஆடவைத்து, வென்ற பொருளைத் தம்பியர்க்குப் பகிர்ந்தளித்தான். அது விராடன் அறியாமல் நடந்தது என்பதையும் நூல் மறைக்கவில்லை. மேலே வகுத்த எல்லைக்கோட்டின் எப்பக்கத்தில் தருமன் அமர்ந்திருந்தான் என்பதை உரைகாரர் எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.